கொட்டாவிக்கு 0.1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் 1 அளவுக்கு நலம், அப்பா 0.9, அம்மாவின் முழங்கால் 0.3. எல்லோரையும் சேர்த்துச் சொல்லும்போது மிகச் சிறிய எண்ணைத்தான் எடுக்கவேண்டும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்திருப்பதால், வீட்டில் அனைவரும் 0.3 நலம். உங்கள் நலத்தையும் தசமத்தில் எழுதவும்.

எங்கள் பள்ளிக்கு வந்து தெளிவில்லாக் கணங்களைப் பற்றிப் பேசினீர்களே, ஒரு பொருள் ஒரு கூட்டத்துக்கு உள்ளே இருக்கும் அல்லது வெளியே இருக்கும் என்பது பழைய கணக்கு, பாதி உள்ளேயும் இருக்கலாம், அதற்குப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் கொடுத்தால் எந்த முடிவையும் தைரியமாக எடுக்கலாம் என்று. (குடை வாங்க நீங்கள் இரண்டு மழைக்காலம் யோசித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.) அன்று உங்களுக்குச் சாக்பீஸ் எடுத்துக்கொடுத்த எங்கள் கணக்கு டீச்சருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று ரகசியமாகத் தகவல் திரட்டச் சொன்னீர்கள். பிடித்திருந்தால் இங்கேயே இருப்பேன், இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் அந்தத் தூரத்துக் கல்லூரி வேலைக்குச் சம்மதம் எழுதிவிடுவேன் என்றீர்கள். திரட்டிவிட்டேன்.

திங்களன்று, "எங்க மாமா உங்களைக் கேட்டதாச் சொன்னார் டீச்சர்" என்றேன். கையிலிருந்த டஸ்டர் கீழே விழுந்தது, அதற்கு 0.7 போட்டேன். செவ்வாயன்று அவர்களாகவே, "உங்க மாமா இன்னும் ரெண்டு கால்லயும் வேற வேற சாக்ஸ்தான் போடுறாரா?" என்று சிரித்தார்கள், 0.9. புதனன்று உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிக் கால்மணி நேரம் சொன்னேன், பெரிய கொட்டாவி வந்தது, மனதைக் கல்லாக்கிக்கொண்டு 0.1 போட்டேன். பிறகு நிபுணர் கருத்துக்காக அப்பாவிடம் போய், ஆம் எவ்வளவு, இல்லை எவ்வளவு, தெரியாது எவ்வளவு என்று உங்கள் இரண்டாவது புத்தகத்தில் உள்ளபடி மூன்று எண் கேட்டால், "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்குமான்னே இன்னும் தெரியலம்மா, என்கிட்ட வந்து கேக்கறியே" என்கிறார். அம்மாவோ, "அந்த மக்கு நேராப் போய்க் கேட்டா என்னவாம்? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்கிறாள். நேரில் கேட்பதற்கு உங்கள் புத்தகத்தில் சூத்திரம் இல்லாததால் அதைச் சேர்க்கவில்லை.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சுத்தமாகப் போட்டுப் பார்த்தேன். மிகச் சிறிய எண் 0.1. ஆகவே டீச்சருக்கு உங்களைப் பிடித்திருப்பது 0.1தான் மாமா. நான் அழவில்லை, 0.2 மட்டும். அந்தத் தூரத்துக் கல்லூரிக்குச் சம்மதம் எழுதிவிடுங்கள். அங்கே நூலகம் பெரிதாமே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜோடி சாக்ஸ் போடுங்கள்.

உங்கள் மீது முழு 1 பிரியமுள்ள,
அக்கா மகள்

பி.கு.: சம்மதம் எழுதாதீர்கள்! வீட்டுப்பாடத்துக்காக அந்த நோட்டையே டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன் மாமா, கடைசிப் பக்கம் மறந்தே போச்சு. இன்று திரும்பி வந்தது. சிவப்பு மையில் அப்படியே இருப்பது: "பத்துக்கு மூன்று. எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் என்றால் சிறிய எண். ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் பெரிய எண். எனக்கு சாக்ஸ் போதும். கொட்டாவி உன் மாமாவுக்கானது அல்ல, நாற்பது விடைத்தாள் திருத்திய களைப்பு. திருத்திய விடையை மாமாவே நேரில் கொண்டுவரவும். சனிக்கிழமை மாலை நாலு மணி. மழை 0.6, குடை எடுத்துவரச் சொல்."