இஸ்திரிப் பலகை மேசை ஆகுமா?

மூன்றாவது கேள்வியிலேயே வீப்கே மாட்டிக்கொண்டாள். 'வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருஷம் ஓடும், அதை நான் ஒருத்தியே ஏற்றுக்கொள்ள வங்கி சம்மதிக்குமா?' என்று எழுதியாகிவிட்டது. ஆனால் கடன் எத்தனை வருஷம் ஓடும் என்பதே அவளுக்குத் தெரியாது. அது தெரிந்தவன் ஃபோல்கர். அவனைத்தான் அவள் விவாகரத்து செய்யப் போகிறாள்.

வியாழக்கிழமை வக்கீலம்மாவைப் பார்க்க வேண்டும். வீடு, பணம் பற்றிய கேள்விகளைத் தயாராகக் கொண்டு வரும்படியும், வளவளவென்று பேசினால் அவருக்குப் பிடிக்காது என்றும் அவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். வீப்கேவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள். கப்பலே சொன்ன இடத்தில் நிற்கும்போது கேள்வி நிற்காதா?

இத்தனைக்கும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை சச்சரவு கிடையாது. பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் ஜெர்மனியில் விவாகரத்து வேண்டுமானால் முதலில் ஒரு வருஷம் பிரிந்திருந்து காட்ட வேண்டும். தனி வீட்டு வாடகைக்கு வழியில்லாதவர்கள் ஒரே வீட்டிலேயே பிரிந்திருக்கலாம். மேசையும் படுக்கையும் மட்டும் தனியாக இருக்க வேண்டும். சேர்ந்து சாப்பிடக் கூடாது. ஒருவர் துணிமணியை மற்றவர் தொடக் கூடாது. தவறினால் அந்த வருஷம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

ஃபோல்கரோடு இன்னொரு வருஷம் தள்ள அவள் தயாராக இல்லை. அதனால் வெண்ணெய் தனி, உப்பு தனி. குளிர்சாதனப் பெட்டியில் எந்த அடுக்கு யாருக்கு, அடுப்படி எப்போது யாருக்கு என்று தினமும் பேச்சுவார்த்தை நடந்தது. இப்படிக் கட்டிக் காத்த வருஷம் இதோ முடியப் போகிறது. இந்த நேரத்தில் போய் இந்தக் கடன் கேள்வி.

வேறு வழியில்லாமல் ஃபோல்கரின் அறைக் கதவைத் தட்டினாள். ஃபோல்கர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்த மாட்டான். உள்ளே சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கடன் காகிதமெல்லாம் எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. வா, சமையலறை மேசையில பரப்பிப் பாத்துடலாம்."

"ஒரே மேசையிலயா? மேசை தனின்னு சட்டமே சொல்லுது."

"அது சாப்பாட்டுக்கு."

"வக்கீல் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரே மேசையில உக்காரவும் மாட்டேன்."

ஃபோல்கர் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு இஸ்திரிப் பலகையைச் சட்டையும் பெட்டியுமாகத் தூக்கி வந்து சமையலறையில் நிறுத்தினான். இது மேசை இல்லையே என்றான். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பலகைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் காகிதங்கள்.

அவன் வட்டியைப் பற்றி விளக்கினான். நன்றாகவே விளக்கினான். ஆனால் கசங்கிய துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வீப்கேவால் முடியாது. வட்டி எப்போது மாறும் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவன் சட்டையின் ஒரு கையைத் தேய்த்து முடித்திருந்தாள்.

"வீப்கே, என்ன பண்ற?"

அவள் பெட்டியைச் சட்டென்று நிமிர்த்தி வைத்தாள். கணவனுக்கு வீட்டு வேலை. அதுவும் தெரிந்தே. உடனே தாளை எடுத்து, 'ஒரு கையை மட்டும் தேய்த்தால் அது கணவனுக்குச் செய்த வேலையாகுமா?' என்று எழுதினாள்.

ஃபோல்கருக்குப் பாவமாகிவிட்டது. பதிலுக்கு அவள் சட்டை ஒன்றைத் தான் தேய்த்துவிட்டால் சரிக்குச் சரி ஆகிவிடும் என்றான். தேய்க்கவும் செய்தான், காலர் உட்பட, அவள் தேய்ப்பதைவிடச் சுத்தமாக. அதை மாட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வீப்கேவுக்கு உறைத்தது.

"முன்ன நான் மட்டும்தான் தப்புப் பண்ணியிருந்தேன். இப்ப ஒருத்தருக்கொருத்தர் செஞ்சு குடும்பமே நடத்தியாச்சு."

அதற்கும் ஒரு கேள்வி எழுதப்பட்டது.

அதற்குள் பசி வந்துவிட்டது. அடுப்பு அப்போது ஃபோல்கரின் முறை. அவன் பட்டாணி சூப் சூடாகிக்கொண்டிருந்தது. அவள் அடுக்கில் காய்ந்த ரொட்டிதான் இருந்தது. அவன் சூப்பை நீட்ட, வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை குரலில் பிடிவாதம் குறைந்திருந்தது.

"நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா அது சேந்து சாப்பிடறதாகாது. ரயில் நிலையத்துல எத்தனையோ பேர் பக்கத்துப் பக்கத்துல நின்னு சாப்பிடறாங்க, அவங்கெல்லாம் புருஷன் பொண்டாட்டியா?" என்றான்.

இஸ்திரிப் பலகையில் கிண்ணத்தை வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். சூப் நன்றாக இருந்தது. அதனாலேயே கோபமும் வந்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு, 'இஸ்திரிப் பலகை மேசை ஆகுமா?' என்று எழுதினாள்.

வியாழனன்று தடுமாறக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அதனால் ஒத்திகை பார்க்கத் தீர்மானித்தாள். வக்கீலாக நடிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. ஃபோல்கர் மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிக்கொண்டு அவள் தாளைக் கடைசி வரை வாசித்தான்.

"சூப்ல சாசேஜ் இருந்ததா?"

"ரெண்டு துண்டு," என்றாள் அவள், சத்தியப் பிரமாணம் எடுத்தவள் போல.

"தேய்ச்சது வலது கையா, இடது கையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீடு யாருக்குங்கறது அதுலதான் இருக்கு."

வீப்கே உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் பலகையைப் பிடிக்க, அது மடங்கி விழுந்தது. கடன் காகிதமெல்லாம் பட்டாணி சூப்பில் நனைந்தது. அவற்றைப் பொறுக்கி ஹீட்டர் மேல் காயப்போடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை தாளைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. வீட்டையும் பணத்தையும் பற்றி மூன்றே கேள்விகள். மீதியெல்லாம் குற்ற வாக்குமூலம். வக்கீலம்மா இதைப் படித்தால் வருஷம் போச்சு. ஃபோல்கர் பிரிந்திருந்தோம் என்று சொல்லலாம். நாளைக்கே வீட்டைப் பங்கு போடும்போது மாற்றியும் சொல்லலாம். மூன்றாம் மனிதர் சாட்சி வேண்டும்.

அவளுக்கு ஓல்ட்மன்ஸின் நினைவு வந்தது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வீட்டுக்கு வாசலும் படிக்கட்டும் அடுத்த தெருவில். அதனால் இத்தனை வருஷத்தில் இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் சுவர் மெல்லியது. அங்கே அவர் தும்மினால் இங்கே கேட்கும்.

வீப்கே அன்றே தெருவைச் சுற்றிக்கொண்டு போய் மணியை அடித்தாள். தான் யார் என்று சொன்னாள். தானும் கணவரும் ஒரு வருஷமாகச் சேர்ந்து வாழவில்லை என்று அவர் எழுதித் தர முடியுமா, தன் வீடே அதில்தான் இருக்கிறது என்று கேட்டாள்.

ஓல்ட்மன்ஸ் அவளை உட்கார வைத்தார். பேனாவைத் தேடி எடுத்தார்.

"தாராளமா எழுதித் தர்றேன்மா. அவர் போய் ஒரு வருஷம் இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியாதா?"

வீப்கேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அவர் இருந்த வரைக்கும் டிவி சத்தத்தைத் தவிர எதுவும் கேட்டதில்ல. இப்ப புதுசா ஒருத்தர் வந்து உங்களை அப்படிச் சிரிக்க வைக்கிறாரே, அவர் பேரையும் இதுல எழுதணுமாம்மா?"