பஸ்ஸில் போயிருக்கலாம்

கார் வைத்திருப்பவனைச் சொந்தக்காரர்கள் இரண்டு சமயத்தில்தான் நினைத்துக்கொள்வார்கள். ஒன்று கல்யாணம், இன்னொன்று சாவு. என் கார் யாராவது ஒருவர் கல்யாணத்துக்குப் போகும் வழியில் நின்றிருந்தால் நாலு பேர் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். என் தலையெழுத்து, அது நின்றது மற்றதற்கு.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே ஒரு கார்தான், அது என்னுடையது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. வக்கீல் ஒருவர் அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் என்னை அதற்கு டாக்டராக நியமித்துக்கொண்டேன். (நாடி பார்க்கத் தெரியாத டாக்டர். அது வேறு விஷயம்.)

ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒருநாள் காலையில் மாமல்லபுரத்திலிருந்து ஆள் வந்தது. என் அக்கா புருஷன் ஏகாம்பரம் மாமா செங்கல்பட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊரில் அவருடைய அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா முன்பே போய் அங்கே இருந்தாள்.

"கண்ணு தொறக்கல. ஏகாம்பரம் வந்துட்டானா, வந்துட்டானான்னு மட்டும் கேட்டுகினே கீறாரு. பெரிய புள்ள கையால ஒரு வாய் பால் ஊத்திட்டா நிம்மதியா பூடும்" என்றார் வந்தவர்.

மாமா கடையைக்கூடப் பூட்டவில்லை. "பஸ்ஸு இப்ப வந்துடும் மச்சான். நான் அதுலயே பூட்றேன்."

"இன்னா மாமா நீ! பஸ்ஸு ஊரு ஊரா நின்னுகினு போவும். வூட்டு வாசல்ல வண்டி கீது, ஏறு!" என்று பிடித்து இழுத்து ஏற்றினேன்.

ஊர் எல்லை தாண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வண்டி செருமியது, குலுங்கியது, நின்றது. மெதுவாக ஓட்டினால் உறுமிக்கொண்டே வரும். வேகம் கொடுத்தால் உயிரை விட்டுவிடும். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். குச்சியை விட்டுப் பார்த்தேன், நிறையவே இருந்தது. மூடிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வண்டி பறந்தது.

"பிளக்குதான் மாமா! கண்டுபுடிச்சிட்டேன்!"

ஏரிக்கரையில் மறுபடி நின்றது. மறுபடி குச்சி, மறுபடி புஸ். இந்தத் தடவை கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதினேன். பறந்தது. "கார்புரேட்டர்ல குப்ப மாமா!" அதற்கப்புறம் பெட்ரோல் குழாய். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மூன்று வியாதிகளைக் கண்டுபிடித்து மூன்றையும் குணப்படுத்திவிட்டேன். நோயாளிக்குத்தான் ஒரு முன்னேற்றமும் இல்லை.

மூன்றாவது வைத்தியத்தின் நடுவில்தான் பஸ் வந்தது. மாமா கையைத் தூக்கினார். "தோ, முடிஞ்சிடுச்சி மாமா, உக்காரு!" என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பஸ் போய்விட்டது. அவர் சட்டையில் என் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்திருந்தன.

திருக்கழுக்குன்றம் தாண்டி அது மறுபடி நின்றபோது மாமா உடைந்து அழுதார்.

"எங்கப்பன் என்னைக் கேட்டுகினு கெடக்குறாரு. நீ இன்னாடா ஊதிகினு கீற? தொறக்கறதும் மூடறதுமாவே பொழுது பூட்ச்சி!" என்று என் கையிலிருந்த டாங்க் மூடியைப் பிடுங்கிக்கொண்டு, "ஓட்டுடா!" என்றார்.

மூடியில்லாமலே ஓட்டினேன். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மாமல்லபுரம் வரைக்கும் குதிரை மாதிரி போயிற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. (அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. அக்கா மாமாவிடம் ஓடி வந்தாள்.

"இப்பதான் பூட்டாரு. பஸ்ஸு வந்த சத்தம் கேட்டு, 'வந்துட்டானா'ன்னாரு. வாசல்ல போய்ப் பாத்தோம், நீ எறங்கல. சின்னவருதான் பால் ஊத்தினாரு."

மாமா டாங்க் மூடியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வாசலில் நின்று அதைப் பார்த்தேன். டாங்குக்குள் காற்றுப் போவதற்காக மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஆயுத பூஜையன்று வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் வைத்தவன், பெட்ரோல்தானே வண்டிக்குச் சோறு என்று அந்த மூடிக்கு மட்டும் கைநிறைய அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தேன். அது காய்ந்து சிமெண்டாகி ஓட்டையை அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை. நான் மூடியைத் திறந்தபோதெல்லாம் டாங்க் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டது. பேர் பிளக்குக்கும் கார்புரேட்டருக்கும் போயிற்று. பாவி, அந்தப் 'புஸ்' ஒவ்வொரு தடவையும் என் காதில்தானே விழுந்தது!

காரியம் முடியும்வரை மாமா என்னிடம் பேசவில்லை. அடுத்த ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு நான் வண்டியைச் சுற்றும்போது, "மச்சான், மூக்க அடைச்சிடாத" என்றார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். அக்கா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "புள்ளைங்கள பஸ்ஸுல வரச் சொல்லு, மச்சான் வண்டி வாணாம்" என்பார் மாமா.

போன வருஷம் மாமாவும் படுத்தார். காஞ்சிபுரத்திலிருந்த மகனுக்குச் சொல்லியனுப்பினோம். வாசலில் என் புது வண்டி நின்றது; நான் அதன் பக்கமே போகவில்லை. பையன் வந்து பால் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான். மாமா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

"பஸ்ஸுலதான வந்தான்?"

"ஆமா மாமா."

அப்புறம்தான் பாலுக்கு வாயைத் திறந்தார்.