அரிப்புக்குப் போன உளவாளி

பிள்ளைகளே, சிரிப்புப் படத்தைச் சிரிப்புப் படம் என்று தெரியாமல் பார்த்த ஒருவன் இந்த வீட்டில் இருக்கிறான். அவன் உங்கள் அப்பாதான்.

அப்போது எனக்கு இருபது வயது. மன்னார் டவுனில் ஒரு இங்கிலீசுப் படம் ஓடியது. (என் இங்கிலீசு 'யெஸ்', 'நோ', 'டிக்கற்' என்ற மூன்று சொல்லோடு முடிந்துவிடும்.) கதாநாயகன் ஒரு உளவாளி. கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருப்பான். பேப்பரில் இரண்டு ஓட்டை போட்டு அதற்குள்ளால் எதிரியைப் பார்ப்பான். ஒளிந்திருந்த அலுமாரியோடு படியில் உருண்டு விழுவான். அந்த அலுமாரிக்கு அடியில் கள்ளன் அகப்படுவான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ கோபம். நாட்டுக்காக ஒரு மனுசன் இவ்வளவு பாடுபடுகிறான், இதுகளுக்குச் சிரிப்பு! எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அலுமாரி எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? அதைக் கண்டுபிடிக்க இரண்டாம் தரமும் போய்ப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் றீற்றா அக்காவுக்கு, அதாவது உங்கள் மாமிக்கு, கடற்கரையோரத்து அரிப்பு ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் செபமாலை. அக்கா அவரை மடு மாதா கோயில் திருவிழாவில் பார்த்திருந்தார், அவர் சிரிப்பு பிடித்தும் இருந்தது. நான் பார்த்ததில்லை.

என் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பெடியன் எப்பிடியெண்டு ஆருக்கும் தெரியாமல் விசாரிச்சுக்கொண்டு வா. நீ சொல்லுறதை வைச்சுத்தான் நான் முடிவு சொல்லப்போறன்."

அக்கா படலை வரை வந்து, "டேய், நல்ல சேதியோடை வா. இல்லாட்டி உனக்குச் சோறில்லை" என்றார்.

உச்சி வெயிலில், அப்பாவின் கலியாணக் கோட்டோடும் இரவல் கறுப்புக் கண்ணாடியோடும் அரிப்புக் கடற்கரையில் இறங்கினேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்திருந்த வள்ளமொன்றில் குந்திக்கொண்டு, ஓட்டை போட்ட பேப்பரை விரித்தேன். கடற்காற்று அதைப் பறித்துக்கொண்டு போய், வலை இழுத்த ஒருவரின் முகத்தில் ஒட்டியது. அவர் ஓட்டைகளுக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன பேப்பர்? கண்ணோடை அச்சடிச்சிருக்கு?"

"காத்தோட்டத்துக்கு" என்றேன்.

"நல்லது. சும்மா நிக்காமல் வந்து கயித்திலை ஒரு கை பிடியும்."

எங்கள் கரையில், வலை இழுபடும்போது சும்மா நிற்பவனுக்கு மன்னிப்பில்லை. கோட்டோடு போய் அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"அண்ணை, இஞ்சை செபமாலை எண்டு ஒராள்... ஆள் எப்பிடி?"

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ, அவனோ? படு சோம்பேறி. வெயிலைக் கண்டால் தலைச்சுத்து. கடலுக்குப் போகப் பயம்."

"குடிப்பாரோ?"

"பெரிய வெள்ளியிலை மட்டும் குடிக்கமாட்டான்."

"கோவக்காரனோ?"

"பூனையோடையும் சண்டைக்குப் போவான்."

மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்திச் சிரித்தார்கள். (இந்த ஊரிலும் அதே சனம்தான் என்று நினைத்தேன்.) அவர் தனி ஆளாக மூன்று பேரின் பாரத்தை இழுத்தார். வெளிக்கிடும்போது ஒரு கோர்வை மீனும் தந்தார். "கொண்டுபோய் வீட்டிலை குடும், தம்பி."

வீட்டில் ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன்" என்று எழும்பினார்.

அக்காவின் கண் கலங்கியது. "ஆரடா உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"ஒரு நல்ல மனுசன், அக்கா. சிரிக்கேக்கை இடக் கன்னத்திலை குழி விழும். மீனும் தந்தவர்."

"குழியோ? அப்பா, நில்லுங்கோ! மடையா, அவர்தான்டா செபமாலை!"

அப்பா அப்படியே கதிரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த நாள் 'ஓம்' என்று சொல்லி அனுப்பினார்.

கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசித்தார்கள். "இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்" என்று சுவாமியார் சொல்லி முடிக்கவில்லை. கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. மூன்று ஞாயிறும் பார்த்தது. இன்றைக்கும் யாருடைய அறிவித்தல் வாசித்தாலும், மாமி முன் வரிசை வாங்கிலிருந்து கழுத்தைத் திருப்பி என்னைத்தான் தேடுவார்.

போன ஞாயிறு பூசையில் ஒரு அறிவித்தல் வாசித்தபோது, "மாமி ஏன் உங்களைப் பாத்துச் சிரிக்கிறா?" என்று கேட்டீர்கள். நான் வாயில் விரல் வைத்து, முழந்தாளிடச் சொன்னேன். அதுதான், பிள்ளைகளே, விசயம்.