நகை அறையின் கதவு

படிக்கட்டு இருந்தது. படிக்கட்டுக்கு மேலே அரண்மனையைக் காணோம்.

விசூத் இன்னும் நாலு படி ஏறிப் பார்த்தான். வெறும் கல் மேடை. அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

கீழே, பட்டுப் பாவாடையும் கையில் மல்லிகை மாலையுமாக, பிம்பா அம்மா நின்றிருந்தாள். அவள் மனம் வைத்தால்தான் மகள் கன்னிகா அவனுக்கு மனைவியாவாள். அந்தம்மாவின் கொள்ளுத்தாத்தா தாய்லாந்தின் இந்தச் சீச்சாங் தீவில் அரசருக்குக் குடை பிடித்தவராம். அதைச் சொல்லாமல் அவள் யாருக்கும் காப்பிகூடக் கொடுத்ததில்லை.

பெண் கேட்கப் போன அன்று விசூத்தின் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அந்த அரண்மனைக் கதவெல்லாம் செஞ்சதே எங்க கொள்ளுத்தாத்தாதாம்மா" என்று அளந்துவிட்டான். "அப்ப போய்ப் பாத்துட்டு வந்திடலாம்" என்றாள் அவள். எதிர்க்கரையில், சீராச்சாவில் அவன் பம்புசெட் கடை வாசலில் நின்றால் தீவு தெரியும். தினமும் தெரிகிறதே என்று அவன் ஒருநாளும் போனதில்லை.

"எந்தக் கதவு தம்பி?" என்றாள் அவள்.

"உங்களுக்குத் தெரியாததாம்மா?"

"நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

வாத்தியார் கேள்வி கேட்கிற தோரணை. விசூத்துக்கு வியர்த்தது. மரங்களுக்குப் பின்னால் பச்சை வண்ணம் பூசிய ஒரு கட்டடத்தின் முதுகு தெரிந்தது. மரக்கதவுகள். நல்ல பித்தளைக் கைப்பிடிகள்.

"இது முன்பக்கம்மா. கதவெல்லாம் பின்னாடிதான்" என்று அழைத்துப் போனான்.

பிம்பா அம்மா செருப்பைக் கழற்றினாள். மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். மாலையைக் கைப்பிடியில் மாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சட்டையைக் கால்சட்டைக்குள் செருகியபடி ஒரு தடித்த ஆள் வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தார். பதறிப்போய் அவரும் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை.

"அந்தக் காலத்துல இது நகை அறைம்மா. பாவிங்க, இப்படி ஆக்கிட்டாங்க!"

"நகை அறையா!" பிம்பா அம்மா எழுந்து, கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

"யாரும் உள்ள போகக் கூடாது! இது அரண்மனை நகை அறை!"

"அத்தை, நகையெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல வழி விடுங்க!"

"செருப்பையாவது கழட்டு!"

"கழட்டிட்டேன், கழட்டிட்டேன்! ஐயோ அத்தை, என்னால முடியல!"

சத்தம் கேட்டுக் காவலாளி வந்துவிட்டார். விசூத் அவர் காதில் ஏதோ சொல்லப் போனான். அவரோ ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"நகை அறையா? எந்த மடையன் சொன்னது? அரண்மனையைத்தான் அந்தக் காலத்துலயே பலகை பலகையாப் பிரிச்சு பாங்காக்குக்குக் கொண்டு போயிட்டாங்களே! மேல பாருங்கம்மா."

கதவுக்கு மேலே, ஐஸ் பாக்டரி முதலாளி ஒருவர் குடும்பத்தோடு புண்ணியம் தேடிக் கட்டிக்கொடுத்த கழிப்பறை என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள். பிம்பா அம்மா மாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. ஒரு பெரிய மனுஷியை, அதுவும் குடை பிடித்த வம்சத்தை, கழிப்பறை முன்னால் மண்டியிட வைத்துவிட்டோமே என்று விசூத்துக்கு உயிர் போயிற்று.

வாடகைக்கு அமர்த்திய மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் ஹெங் அண்ணன் காலையில் படகுத்துறையிலிருந்தே ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டிருந்த ஆள். இப்போது அவர் முதுகுகூடச் சிரிப்பது போலிருந்தது. தன் லட்சணம் இவருக்கும் தெரிந்துவிட்டது என்று விசூத் குன்றிப்போனான்.

படகுத்துறை வந்தது. இறங்குவதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"அம்மா, எங்க கொள்ளுத்தாத்தா கதவு செய்யல. வாத்து மேய்ச்சாரு. இந்தத் தீவுக்கு நான் வர்றதே இன்னிக்குத்தான். உங்க குடும்பத்துக்கு முன்னால சின்னவனாத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கன்னிகாகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க வேற மாப்பிள்ளை பாருங்க."

பிம்பா அம்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்ததும் அவனுக்குக் கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது.

ஹெங் அண்ணன் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, பையன் முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு. தம்பி, காலையில நீ தண்ணி வாங்கப் போனப்ப அம்மா எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'குடையுமில்ல ஒண்ணுமில்ல, இந்தத் தீவுல நான் கால் வைக்கிறதே இன்னிக்குத்தான், கதவு செஞ்ச வீட்டுப் பையன்கிட்ட என்னைக் காட்டிக் குடுத்துடாதே'ன்னாங்க!"