பெருமாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த தையல் மிஷின்

வீட்டில் காசை ஒளித்துவைக்க அரிசிப் பானை, கடுகு டப்பா என்று எத்தனையோ இடம் உண்டு. எந்தப் புருஷனும் முதலில் தேடுவதும் அங்கேதான். அவன் கைவைக்கப் பயப்படும் இடம் ஒன்றே ஒன்று, சாமி உண்டியல். இதைக் கண்டுபிடித்த மூளைக்காரி நான்தான் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு மிதப்பு.

எங்கள் வீட்டுக்காரர் செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடாவில் ரயில்வே ஃபிட்டர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே வியாதி, 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. யாராவது கைமாற்று கேட்டு வாசலில் நின்றால், கண்ணில் பட்ட காசை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. (திரும்பி வந்ததா என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.)

எனக்கோ ஒரு தையல் மிஷின் வாங்க வேண்டும். ஹைதராபாத் நவாப் வீட்டுப் பெண்களின் துப்பட்டாக்களுக்குக் கரை தைத்துத் தைத்து விரலெல்லாம் ஊசிக் குத்து. மிஷின் வந்துவிட்டால் ரவிக்கை, பாவாடை என்று தைத்து, யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம். அதற்காகத்தான் என் கூலியை வீட்டுத் திருப்பதி உண்டியலில் போட்டு வந்தேன்.

அது ஒரு பித்தளைச் செம்பு. மூடியை ஈயத்தால் பற்றவைத்து, காசு போக ஒரு கீறல் விட்டு, மஞ்சள் துணி சுற்றி வைத்தவர் எங்கள் வீட்டுக்காரரே. பெருமாள் காசும் என் காசும் கலந்துவிடாதா? கலக்காது. அப்போது எங்கள் ஊரில் இரண்டு நாணயம் புழங்கியது. திருப்பதி வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்ததால், பெருமாளுக்கு ராஜா தலை போட்ட கல்தார் ரூபாய். நவாப் வீட்டில் கொடுப்பது சார்மினார் போட்ட ஹாலி ரூபாய், நிஜாமுடையது. தலையெல்லாம் அவருக்கு, சார்மினாரெல்லாம் எனக்கு.

மிஷினுக்குத் தேறிவிட்டது என்று தோன்றிய ஒரு மத்தியானம், நாத்தனார் தூங்குகிறார் என்று நம்பி, செம்பைக் கவிழ்த்துக் கொண்டை ஊசியால் நோண்டினேன். (நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களோடுதான் இருந்தார். பெருமாள் என்றால் உயிர்.) ஒரு காசுகூட வெளியே வரவில்லை. குலுக்கினேன். இன்னும் பலமாகக் குலுக்கினேன்.

"கமலா! சத்தம் கேட்டுச்சா?" என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

செம்பைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஓடினேன். "என்ன சத்தம் அண்ணி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"உனக்குக் கேக்கலையா? அப்ப எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா?" அண்ணி நடுங்கிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாள் கூப்பிடறாரும்மா!"

மறுநாளே வீட்டுக்காரர் ரயில்வே பாஸுக்கு எழுதிப் போட்டார். மழை விடட்டுமே என்று இழுத்துப் பார்த்தேன்.

"நக்கோ, நக்கோ! சாமியே கூப்பிட்டப்புறம் கைக்கு லேட்டு?" என்றார். ('நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. சந்தோஷம் வந்தால் அவருக்கு ஒர்க்‌ஷாப் பாஷை வந்துவிடும்.)

திருப்பதிச் சத்திரத்தில் செம்பின் மூடியை உளியால் பெயர்த்து, மஞ்சள் துணியில் கொட்டினார். தலைகளுக்கு நடுவே சார்மினார்கள் சரிந்து விழுந்தன. பார்க்கப் போனால் பெருமாளைவிட நான்தான் அதிகம் சேர்த்திருந்தேன்.

"ஹாலி ஒண்ணுகூட நான் போடலையேக்கா."

"நானும் போடலடா தம்பி!"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கூலி கறிகாய்க்கே போதவில்லை என்று தினமும் புலம்பியவள் நான்தானே! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண்ணில் தண்ணீர்.

"பெருமாளே போட்டதுக்கா!"

சத்திரமே கூடிவிட்டது. 'கோவிந்தா' சத்தம். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கூலிக் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் காசு இங்க செல்லாதே! ஊருக்கு எடுத்துட்டுப் போயி, நான் மாத்தி வச்சி, அடுத்த தடவ..." என்று கடைசியாக ஒரு முட்டு முட்டினேன்.

"அவரு குடுத்த காசு அவருக்கே செல்லாதா?" என்றார் அண்ணி. "சார்மினாரையெல்லாம் நீயே உண்டியல்ல போடு கமலா. உன் கை ராசியான கை."

போட்டேன். அழுதுகொண்டே போட்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். எனக்கோ பெருமாள் மேல் அப்படி ஒரு கோபம். ஆனால் கை காலியானதும் மனசு கொஞ்சம் லேசானது என்னவோ நிஜம். இனி எதையும் ஒளிக்க வேண்டாமே.

திரும்பும்போது ரயிலில் அண்ணி கண்ணயர்ந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். கிருஷ்ணா பாலம் தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றது? நீங்கதான் அழுதுட்டிருந்தீங்களே."

"எங்கிட்ட ஏன் ஒளிச்ச?"

"யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவீங்கன்னுதான்."

அவர் என்னையே பார்த்தார். "கடைசியில நீயே குடுத்துட்டியே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அண்ணி எழுந்து உட்காரும்வரை நிறுத்தவில்லை.

ஊருக்கு வந்ததும் தபாலாபீஸில் என் பேரிலேயே கணக்குத் திறக்க வைத்தார். "நானே வந்து கேட்டாலும் குடுக்காத. சாமிய மட்டும் நடுவுல இழுக்காத" என்றார். அவரே இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் 'இல்லை' என்றேன். மிஷின் வர வெகுநாள் ஆனாலும், வந்தது என் காசில்தான்.

அண்ணி கடைசிவரை அந்த அற்புதத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு அவன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்றைக்கும் கோயிலில் பெருமாள் புதுப் பட்டு உடுத்தி நின்றால், அவன் என் காதோரம் குனிகிறான்.

"உன் மிஷின் நல்லா ஓடுதும்மா."