தான்சானியா மாமா

1988 பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியாத பனி. இதையெல்லாம் டைரி பார்த்து எழுதவில்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துவிடுகிறது. அவமானப்பட்ட நேரம் மட்டும் நிமிஷ சுத்தமாக நினைவிருக்கிறது.

அப்போது நான் கல்வராயன் மலையில் ஒரு கடுக்காய்ச் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர்கள் நூற்றுப் பதினாலு பேர், அவர்களில் பெண்கள் எழுபத்தொன்பது. எங்களுக்குக் காயவைக்கக் களம் கிடையாது. மண்தரையில் கொட்டிய கடுக்காய் ராத்திரிப் பனியில் நனைந்து பூஞ்சை பிடிக்கும். ஐந்து மூட்டையில் இரண்டு மூட்டை குப்பைக்கு. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒரு களமும் கொட்டகையும் கட்டித்தர முன்வந்தது. எங்களுக்கா, வேறு மாவட்டத்துச் சங்கத்துக்கா என்று பார்த்து அறிக்கை எழுத ஒருவரை அனுப்பியது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாள். அன்று மலை ஏறாவிட்டால் களம் இல்லை.

கடிதத்தில் பெயர் இப்படி இருந்தது: மாமா நீமா, கூட்டுறவு அதிகாரி, தான்சானியா.

"மாமாவா? யாருக்கு மாமா?" என்றாள் என் மனைவி சரோஜா.

"ஆப்பிரிக்காவுல பெரியவங்கள மரியாதையா மாமான்னுதான் கூப்புடுவாங்க." (எவரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. நாற்பது ஆப்பிரிக்கத் தலைநகரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவனுக்கு இதுகூடவா தெரியாது என்ற தைரியம்.)

"ஒரு பொடவையும் எடுத்துக்கினு போங்க. கூட சம்சாரம் வந்தா இன்னா செய்வீங்க?"

"ஒருத்தர்னுதான் போட்டிருக்கு. எனக்கு எண்ணத் தெரியாதா?"

ஜரிகை வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, ரோஜா மாலை ஒன்று. ஆறடித் துணியில் 'தான்சானியா மாமா அவர்களே வருக' என்று எழுதி வாடகை ஜீப்பின் முகப்பில் கட்டினேன். சரோஜா விருந்து சமைக்க முதல்நாளே மலைக்குப் போய்விட்டாள்.

சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கிய இருபத்தாறு பேரையும் எண்ணினேன். மாமா இல்லை. பூப்போட்ட துணி உடுத்திய உயரமான ஒரு கறுப்பு அம்மாள் மட்டும் பெட்டியோடு நின்றார். மாமாவின் சம்சாரம் என்று முடிவுகட்டி, முப்பத்தைந்து நிமிஷம் அவரைத் தாண்டித் தாண்டித் தேடினேன். கடைசியில் போய் இங்கிலீஷில் கேட்டேன்.

"மாமா எங்கே?"

"நான்தான் மாமா."

"சரி, உங்கள் மாமா எங்கே?"

"என் மாமா ஊரில் இருக்கிறாள். வயதாகிவிட்டது."

இப்படி மூன்று சுற்று. மாமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா என்பது நாலாவது சுற்றில் விளங்கியது. மாலை என் கையிலேயே வாடியது.

ஜீப்பில் அவர் தம் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கிளிமஞ்சாரோ அடிவாரமாம். கீழே வெயில் கொளுத்துமாம், உச்சியில் வருஷம் முழுக்க உறைபனியாம். நான் பதிலுக்குச் சிங்கம் உண்டா என்று கேட்டேன். "உங்கள் தெருவில் புலி உண்டா?" என்றார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். எந்தச் சாலையில் எப்போது மரம் விழும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு எட்டு நாற்பதுக்கு விழுந்து கிடந்தது. ஒரு முழுப் புளியமரம், அதன்மேலும் சுற்றியும் ஐம்பத்துமூன்று பேர்.

"டேய், மாமா ஜீப்புடா! வருகன்னு போர்டு வேற கட்டிக்கினு வராங்கடா!"

(சென்னையில் வேலை பார்த்துத் திரும்பிய பையன்களுக்கு மாமா என்றால் போலீஸ். இன்னொரு பொருளும் உண்டு. அதைக் குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது.)

ஜீப் குலுங்கியது. அவர்களுக்குத் தலைவர்போல் இருந்த பெருமாள் உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருங்க மாமா? மொதல்ல அந்தாள எறங்கச் சொல்லுங்க."

"இந்த அம்மாதாங்க மாமா," என்றேன்.

ஐம்பத்துமூன்று பேரும் சிரித்த சிரிப்பில் புளியமரம் இன்னொரு தடவை விழுந்திருக்கும்.

"இவர்கள் என்ன கேட்கிறார்கள்?" என்றார் அந்த அம்மாள்.

"ரிசர்வேஷன்."

"ரயிலிலா?"

காலேஜில், வேலையில் என்று விளக்கினேன். அவர் இறங்கிப்போய் மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு பெருமாளையே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"நாங்க எத்தினி பேரு இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியலம்மா. எண்ணிட்டுக் குடுங்கன்றோம், அவ்ளோதான்."

அந்த அம்மாள் கையை வீசிப் பேச ஆரம்பித்தார். அவர் ஊரில் விவசாயிகள் கட்டிய சங்கங்களை அரசாங்கம் ஒரே உத்தரவில் கலைத்ததாம். சில வருஷம் கழித்து இன்னொரு உத்தரவில் திறந்ததாம். இப்போது கடன் கொடுக்கும் வெளிநாட்டார் வந்து புது நிபந்தனை போடுகிறார்களாம். "மூன்று தடவையும் எங்களை யாரும் கேட்கவில்லை."

"அட, அங்கியும் இதே கததானா!" பெருமாள் துள்ளி எழுந்தார். கூட்டம் கை தட்டியது. அந்த அம்மாளுக்கு டீ வந்தது. எனக்கு வரவில்லை.

நான் களத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். பெருமாள் யோசித்தார். "வண்டி ஆறு மணிக்கு அப்புறந்தாங்க. அம்மா வேணா நடந்து தாண்டட்டும். அந்தாண்ட எம் மச்சான் டிராக்டர் நிக்குது, மலைக்கே கொண்டும்போய் வுட்டுருவான்."

"நானும்..."

"நீங்க இங்கியே குந்துங்க. நெஜ மாமா வந்தா இங்கிலீஷ்ல பேச ஒரு ஆளு வேணாவா?"

நிஜ மாமா வரவேயில்லை. ஒன்பது மணி இருபது நிமிஷம் குந்தியிருந்தேன். கைக்கெட்டிய கிளைகளில் நானூற்றுப் பன்னிரண்டு புளியங்காய். என் சங்கம், என் களம், மலையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் மரத்தின்மேல்! ஆறு மணிக்கு அந்த வாடிய மாலையை என் கழுத்திலேயே போட்டு, "மாமா வாழ்க!" என்று வழியனுப்பினார்கள்.

நான் மலையேறியபோது விருந்தாளி வேலையை முடித்து வேறு வழியாக மலையிறங்கிப் போய்விட்டிருந்தார். சரோஜா குதித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இங்கிலீஷ்லயே பேசிட்டேன்! கம், சிட், ஈட். அப்புறம் பூஞ்ச புடிச்ச கடுக்காய அவங்க கையில குடுத்து, 'நைட் ஸ்நோ. ஃபுல் ஸ்நோ. ஆல் கான்'னேன்."

"ஸ்நோவா!"

"பனிக்கு ஸ்நோன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? அவங்க என் கையப் புடிச்சிக்கினு, 'ஐ நோ ஸ்நோ, ஐ நோ ஸ்நோ'ன்னு கண்ணு கலங்கிட்டாங்க."

கிளிமஞ்சாரோக்காரிக்குச் சந்தேகம் எப்படி வரும்? அறிக்கையில் என்ன வருமோ என்று எனக்குத்தான் கவலை. விருந்தாளி பெண் என்று தெரிந்ததும், தான் உடுத்தாமல் வைத்திருந்த புதுப் பட்டுப் புடவையைச் சரோஜா கொடுத்து அனுப்பியிருந்தாள். வேட்டி என் மடியில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. களம் எங்களுக்கே! அதில் இரண்டு வரிகள் இன்னும் மனப்பாடம். ஒன்று: "செயலாளர் இல்லாமலேயே இந்தச் சங்கத்தைப் பெண்கள் சிறப்பாக நடத்துகிறார்கள்." மற்றது: "கொட்டகைக்குக் கடும் பனிப்பொழிவைத் தாங்கும் செங்குத்துக் கூரை அவசியம்."

திருத்தி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். திருத்தினால் மறுபடி ஆய்வு, மறுபடி புளியமரம். மூடிவிட்டேன். கட்டவந்த இன்ஜினியர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டினார். இன்றுவரை அதன்மேல் ஒரு துளி உறைபனி விழுந்ததில்லை; உள்ளே ஒரு கடுக்காய் பூஞ்சை பிடித்ததுமில்லை. மலையில் அதற்கு 'ஸ்நோ கொட்டா' என்றே பெயர்.

மார்கழி பிறந்தால் என் பேத்திகள் இருவரும் ஜன்னலைத் திறந்து, "தாத்தா, ஃபுல் ஸ்நோ! மாமா வராங்களா பாருங்க!" என்று கத்துகிறார்கள். சரோஜாவுக்கோ ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதியும் ஒரு புடவை எடுத்துத்தர வேண்டும். அன்று அவள் சொன்ன அந்த ஒரு புடவையை நான் எடுத்துப் போகாததற்குத் தண்டனை. இதுவரை முப்பத்தேழு என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். அவள் கணக்கில் முப்பத்தாறு.

"எண்ணத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் போன வாரம்.

அவள் கணக்கில் குறைந்த அந்த ஒன்றையும் எடுத்துக்கொடுத்தேன். ஆக மொத்தம், என் கணக்கில் முப்பத்தெட்டுப் புடவைகள்.