வரிசையில் நின்ற அரக்கர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும், என் முழங்கால் நீங்கலாக, நலம். நீயும் அந்தத் தூர ஊரில், புது வேலையில், நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நிற்க. கிளம்பும்போது, "அப்பா, சனிக்கிழமை விளையாட்டுல என் இடத்துல நீங்க உட்காருங்க, நான் வர்ற வரைக்கும் கதையில நான் ஆடுற திருடியைச் சாகவிடாம பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? உன் சிநேகிதக் கூட்டமும் வாரம் தவறாமல் நம் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது. சுருட்டைமுடிக்காரி கதையை நடத்துகிறாள், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் பகடை உருட்டுகிறார்கள், உன் நாற்காலியில் நான். ஆரம்பத்திலேயே தகராறு. உன் திருடி பூட்டைத் திறந்தா, திரும்பப் பூட்டிட்டு வரச் சொல்றேன். மலை ஏறப்போறான்னா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாளான்னு கேக்குறேன். மந்திரவாதியா வர்ற பல் டாக்டர், "அங்கிள், அவ திருடி!"ன்னு தலையில அடிச்சுக்குறாரு. திருடின்னா குளிராதா?

போன மாசம் நடந்ததுதான் கூத்து. பாதாளத்துக்கு மேல ஒரு கயித்துப் பாலம், பின்னால அரக்கர் படை துரத்திக்கிட்டு வருது, எல்லாரும் ஓடு ஓடுன்னு கத்துறாங்க. ஆயுசெல்லாம் பாலத்தைச் சோதிக்கிற வேலை பார்த்தவன் நான், கயிறு நைஞ்சிருக்குன்னு காதுல விழுந்தப்புறம் சும்மா இருப்பேனா? உன் திருடியைப் பாலத்து முனையில நிறுத்தி, மத்தவங்களை ஒவ்வொருத்தரா அனுப்பினேன். அதுக்குள்ள அரக்கர்கள் வந்துட்டாங்க. கையை நீட்டி, "நில்லுங்கப்பா, இத்தனை பாரம் தாங்காது, வரிசையில வாங்க"ன்னேன். சுருட்டைமுடிக்காரி சிரிச்சுக்கிட்டே உருட்டச் சொன்னா. இருபது முகப் பகடையில இருபதே விழுந்துச்சு! இருபது விழுந்தா சொன்னது நடந்தே தீரணுமாமே. அரக்கர்கள் கோடாலியைக் கீழ வெச்சுட்டு வரிசையில நின்னாங்கடி! அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து கை தட்டினா. அந்த நேரம் நீ பக்கத்துல இல்லையேன்னு உன் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம்தான் சிக்கல். அரக்கர்கள் நின்னு நின்னு அலுத்துப்போய் வந்த வழியே திரும்பிட்டாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் அக்கரையில, உன் திருடி மட்டும் இக்கரையில. தாண்டுங்க அங்கிள்ங்குறாங்க. எனக்கு மனசே வரலை. முடிச்சைப் பாக்கணும், பலகையைத் தட்டிப் பாக்கணும்னு வாரா வாரம் இழுத்தேன். கடைசியா சுருட்டைமுடிக்காரி, "இன்னைக்கும் தாண்டலைன்னா அவளை விட்டுட்டுக் கதை போயிடும் அங்கிள்"னுட்டா. அம்மா என் தோளைத் தொட்டு, "விடுங்க, அவ பத்திரமா போயிடுவா"ன்னா. உன்னை வழியனுப்பின அன்னைக்கும் இதையேதான் சொன்னா. உருட்டினேன். தாண்டிட்டா. அவ கால் அக்கரையில பட்டதும் பாலம் அறுந்து விழுந்துடுச்சு.

ஆகவே மகளே, உன் திருடி பத்திரம். நீயும் அங்கேயே நிம்மதியாக இரு. எங்களுக்காக லீவு போட்டு, அலைந்து, இங்கே வர வேண்டாம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முத்தங்களும் என் ஆசியும் உனக்கு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வர வேண்டாம்னு மேலே எழுதினதை அடிச்சுடு. இக்கரையில எனக்குன்னு ஒரு ஆளை விளையாட்டுல சேர்த்துக்கிட்டேன், முழங்கால் வலிக்கிற, பாலம் கட்டுற கிழவன். புதுக் கயிறு கட்டியாச்சு, பலகையும் போட்டாச்சு. நானே பாதி தூரம் நடந்து பார்த்துட்டேன், ஒரு ஆள் தாராளமா வரலாம். எப்ப வர்றே?